மே மாதத்துக்கு ஒரு கம்பெனி

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலீட்டாளர் கூட்டம் நடத்துகிறார்களாம். 'டிவிடெண்ட் பங்கா, வளர்ச்சிப் பங்கா?' என்பது தலைப்பாம். இருபத்தேழு வருஷம் அந்தத் தொழிலில் கிடந்தவன் என்பதால் நான் இருபது நிமிஷம் பேச வேண்டுமாம். சால்வை உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. என்ன பேசுவேன் என்று சொன்னேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், கொஞ்சம் பாசிட்டிவா பேசுனா நல்லாருக்கும்" என்றான் ஒருவன்.

சால்வையை வேறு எவனுக்காவது போர்த்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால் நீங்கள் அதில் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரர். சில கம்பெனிகள் வரும் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அது டிவிடெண்ட். சில கம்பெனிகள் கையில் எதுவும் தராமல் லாபத்தைத் திரும்பத் தொழிலிலேயே போட்டுப் பெருக்கும். பங்கின் விலை ஏறினால்தான் உங்களுக்குப் பலன். அது வளர்ச்சிப் பங்கு. எதை வாங்குவது என்பதற்கு ஆயிரம் பேர் ஆயிரம் சூத்திரம் சொல்வார்கள். நான் தப்பாக வாங்கிய கதையைச் சொல்கிறேன். அதுவும் என் காசில் இல்லை, அடுத்தவர் காசில்.

எனக்கு ஊர் எரியோடு. அப்பாவுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி. நான் பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த ஷேர் புரோக்கர் ஆபீஸில் விண்ணப்பம் நிரப்பச் சேர்ந்தேன். அப்போது பங்கு என்றால் காகிதம். கையெழுத்து கொஞ்சம் கோணினால் திரும்பி வரும். கவரில் ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, காகிதம் போனது. அந்தப் பத்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். மற்றதெல்லாம் செபாஸ்டின் சார்.

அவர்தான் முதலாளி. ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டை. காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக ஆபீஸுக்கு வருவார். யாரையும் நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்பார். இது யார் காசு? எப்போது வேண்டும்? வீட்டில் யாருக்குத் தெரியும்? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால்தான் நாற்காலி.

ஒருநாள் கீரனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். மஞ்சள் பை நிறையப் பணம். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் என்று அவரே சொல்லிவிட்டார். கல்யாணம் எப்போது என்று சார் கேட்டார். தை மாதம். அப்போது ஆவணி.

"பேங்க்ல போடுங்க. இங்க வேண்டாம்" என்றார் சார்.

"ஏனுங்க, காசு என்னுதுங்க. வேண்டாங்கிறதுக்கு நீங்க யாருங்க?"

"உங்க மகளுக்கு மாமன் முறைன்னு வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு சார் பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அவர் வெளியே போய்ப் படியில் நின்று திட்டினார். அந்த வருஷம் மார்க்கெட் ஏறோ ஏறென்று ஏறியது. தோப்புக்காரர் ஒட்டன்சத்திரம் சந்தை முழுக்க சாரைத் திட்டிக்கொண்டு திரிந்தார் என்று கேள்விப்பட்டோம். சாரிடம் சொன்னேன். "ஏறுனா என்ன? கேள்வி தப்பாயிருமா?" என்றார்.

கம்பெனியைப் பார்க்கும் முறையும் அவரிடம்தான் கற்றேன். ஆண்டறிக்கை தபாலில் வரும், தடித்த புத்தகம். முதல் இருபது பக்கம் வழவழவென்று இருக்கும். சேர்மன் சிரிப்பார், பாலைவனத்தில் சூரியன் உதிக்கும். சார் அந்தப் பக்கங்களைக் கிழித்து டீ கிளாஸுக்கு அடியில் வைப்பார். புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பார். தச்சர்கள் காதில் செருகியிருப்பார்களே, அந்தத் தட்டைப் பென்சில் ஒன்று வைத்திருந்தார். அதால் மூன்று இடத்தில் கோடு போடுவார். தொழிலில் உண்மையாகக் கைக்கு வந்த பணம். கொடுத்த டிவிடெண்ட். அந்த வருஷம் புதிதாக வாங்கிய கடன். வந்தது கொஞ்சமாகவும், கொடுத்தது நிறையவும், கடன் அதற்கு மேலும் இருந்தால் அட்டையில் ஒரு பெருக்கல் குறி. அந்தப் புத்தகம் அடுத்த வாரம் பழைய பேப்பர்க்காரனுக்குப் போகும்.

பெருக்கல் குறி வாங்காத கம்பெனிக்கு இன்னொரு சோதனை உண்டு. பத்து வருஷப் புத்தகத்தையும் எடுக்கச் சொல்வார். "நல்ல வருஷத்துல எவனும் குடுப்பான் அப்பு. பஞ்ச வருஷத்துல என்ன குடுத்தான்னு பாரு." நான் பார்த்துச் சொல்ல வேண்டும். வளர்ச்சிப் பங்குகளையும் அவர் ஒதுக்கமாட்டார். யார் வந்தாலும் கொஞ்சம் அதில் போடச் சொல்வார். இன்றைக்கு நூறு ரூபாய்க்கு விற்கிற மருந்து பத்து வருஷம் கழித்தும் நூறு ரூபாய்க்கா விற்கும் என்று கேட்பார்.

இன்னொரு சட்டம் வைத்திருந்தார். டிவிடெண்ட் அறிவித்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்தாலும், வாடிக்கையாளரின் பாஸ்புத்தகத்தில் ஏறும்வரை "வந்துருச்சு" என்று நாங்கள் சொல்லக்கூடாது. ஒருமுறை போனில் நான் அப்படிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் எப்படியும் வந்துவிடும் பணம்தான். சார் போனை என் கையிலிருந்து வாங்கி, "இன்னும் வரலைங்க. இவன் தெரியாமச் சொல்லிட்டான்" என்று சொல்லி வைத்தார். என்னைப் பார்த்து, "வராததை வந்துருச்சுன்னு சொல்றவன் திருடன். தொகை சின்னதோ பெருசோ" என்றார். ஆபீஸில் நாலு பேர் இருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சார் வலதுபக்கம் பக்கவாதம் வந்து வீட்டோடு இருந்துவிட்டார். ஆபீஸை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. ஏ.சி. போட்டார்கள், சுவர் முழுக்க டி.வி. மாட்டினார்கள். நான் மேனேஜர். மூன்று மாதத்துக்கு இவ்வளவு புதுப்பணம் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு இலக்கு கொடுத்தார்கள். மூன்று கேள்வி கேட்கிற பழக்கத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன்.

அந்த நேரத்தில்தான் ரோஸ்லின் டீச்சர் வந்தார்.

தனியார் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு டீச்சர். பென்ஷன் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் அவருடைய தம்பி அந்தோணி. ஐம்பதை நெருங்கிய ஆள், புத்தி மட்டும் நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. அடிக்கடி வலிப்பு வரும். டீச்சருக்கு முழங்கால் போனபிறகு அவரைத் தூக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் சேர்த்திருந்தார். ஜன்னல் வைத்த, இரண்டு கட்டில் போட்ட அறை. மாதாமாதம் கட்டணம். பணம் கட்ட முடியாதவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கூடம் இருந்தது.

சாணார்பட்டிப் பக்கம் இருந்த குடும்ப நிலத்தில் தன் பங்கை விற்ற பணத்தோடு டீச்சர் வந்திருந்தார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"தம்பி, அசல் அப்படியே இருக்கணும். நான் இருந்தாலும் இல்லாட்டியும் அந்தோணிக்கு மாசாமாசம் பணம் போயிக்கிட்டே இருக்கணும். எனக்குச் சாவு பயமில்ல. எனக்குப் பிறகு அவனைக் கூடத்துல போட்டுருவாங்களோங்கிற பயம்தான்."

அதற்குப் பங்கு வாங்கலாம் என்ற யோசனையை அவருக்குக் கொடுத்தது அக்கா மகன் ஜெரால்ட். கனடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் தன் போனில் அவனைப் படத்தோடு கூப்பிட்டு என் மேசையில் சாய்த்து வைத்தார். பின்னால் அடுப்படி தெரிந்தது, ஜன்னலில் பனி ஒட்டியிருந்தது. நல்ல பையன். அதைச் சொல்லியாக வேண்டும். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

தான் எப்படிப் பங்கு வாங்குகிறேன் என்று விளக்கமாகச் சொன்னான். சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்குவானாம். பாதிக்கு மேல் டிவிடெண்ட் பங்கு, மீதி வளர்ச்சிப் பங்கு. டிவிடெண்டுக்கு மூன்று விஷயம் பார்ப்பானாம். வருஷா வருஷம் கொஞ்சமாவது கூட்டிக் கொடுக்கிறார்களா, லாபத்தை முழுக்கக் கொடுத்துவிடாமல் மிச்சம் வைக்கிறார்களா, ஜனங்கள் கஷ்டகாலத்திலும் நிறுத்த முடியாத எதையாவது விற்கிறார்களா. அவனிடம் இருந்ததெல்லாம் பேங்க், டெலிபோன், கேஸ் குழாய். சொந்த நாட்டுக் கம்பெனியின் டிவிடெண்டுக்கு அங்கே வரியில் சலுகையும் உண்டாம். கேட்கக் கேட்க எனக்கு செபாஸ்டின் சார் பேசுவது போல இருந்தது.

"இங்க பெரும்பாலும் மூணு மாசத்துக்கு ஒருக்கா டிவிடெண்ட் தருவாங்க அங்கிள். மாசாமாசம் தர்ற கம்பெனியும் இருக்கு. சித்திக்கு அது மாதிரி ஏதாச்சும் அமைச்சுக் குடுங்க. ஆனா கொஞ்சமாவது குரோத்தும் வாங்குங்க. ஹோம்ல ஃபீஸ் ஏறிக்கிட்டே போகும்ல?"

டீச்சருக்கு 'மாசாமாசம்' என்ற சொல் மட்டும் காதில் ஏறியது. எனக்கும் அப்படித்தான். அது மூன்று மாதக் கெடு முடிகிற வாரம். டீச்சரின் பணம் வந்தால் என் இலக்கு முடியும்.

நம் ஊரில் பெரும்பாலான கம்பெனிகள் மார்ச்சில் கணக்கை முடித்து, கூட்டம் போட்டு, ஆடி ஆவணியில் டிவிடெண்ட் தரும். சிலது நடுவில் ஒருமுறை இடைக்கால டிவிடெண்ட் தரும். மாதாமாதம் என்பதே இங்கே கிடையாது. இதை டீச்சரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதிலுக்கு என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன்.

டீச்சர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு ஒன்று கொண்டுவந்தார். மாணவர் பெயர் எழுதுகிற இடத்தில் கம்பெனிப் பெயர், நாள் கட்டங்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு மாதம். எந்தக் கம்பெனி வழக்கமாக எந்த மாதம் பணம் தருகிறது என்று பழைய விவரங்களை எடுத்து நான் கட்டங்களை நிரப்பினேன். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பருக்கு நல்ல கம்பெனிகள் வரிசையில் நின்றன. பேங்குகள், ஒரு சோப்புக் கம்பெனி, ஒரு மின்சாரக் கம்பெனி. ஜூன், அக்டோபர், நவம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சும் எப்படியோ நிரம்பின. ஏப்ரல், மே, டிசம்பர் காலியாகக் கிடந்தன.

அந்தக் காலிக் கட்டங்களுக்கு நான் கம்பெனி தேடினேன். நல்ல கம்பெனியைக் கண்டுபிடித்து அது எந்த மாதம் தருகிறது என்று பார்ப்பது போய், மே மாதம் தருகிற கம்பெனி எது என்று தேடுகிறவனாக ஆகிவிட்டேன். வடக்கே ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் அகப்பட்டது. விலைக்கு டிவிடெண்ட் மிக அதிகம். மூன்று வருஷமாக மே மாதம் தவறாமல் கொடுத்திருந்தது. மே மாதக் கட்டணம் முழுவதையும் அந்த ஒரே கம்பெனி தர வேண்டும். அதனால் மற்றதையெல்லாம் விட அதில்தான் அதிகப் பணம் போட வேண்டியிருந்தது. ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் இதே கதை. ஆக, ஒன்பது நல்ல மாதங்களுக்கு நல்ல கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம். மூன்று காலி மாதங்களுக்கு மூன்று நோஞ்சான் கம்பெனிகளில் கட்டுக்கட்டாக.

அந்த வீட்டுக்கடன் கம்பெனியின் ஆண்டறிக்கையை நான் திறந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பின்னாலிருந்துதான் திறந்தேன். கைக்கு வந்த பணம் கொஞ்சம். கொடுத்தது நிறைய. கடன் அதற்கும் மேலே. சாராக இருந்தால் பெருக்கல் குறி. நான் புத்தகத்தை மூடினேன். மே மாதத்துக்கு வேறு ஆள் இல்லை.

வளர்ச்சிப் பங்கு ஒன்றுகூட வாங்கவில்லை. அது எந்தக் கட்டத்தையும் நிரப்பாதே.

இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடியது. முதல் சனிக்கிழமை டீச்சர் இல்லத்திலிருந்து அந்தோணியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வருவார். அந்தோணி கதவைத் திறக்கும்போதே, "ஷேரு மாமா, வந்துருச்சா?" என்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டு "வந்துருச்சு" என்பேன். அவர் சிவப்புப் பென்சிலால் அந்த மாதக் கட்டத்தில் டிக் போடுவார். டிக் போட ஒரு நிமிஷம் ஆகும், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் போடுவார். அப்புறம் டீச்சர் கீழே பேக்கரிக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் பன் வாங்கிக் கொடுப்பார். அந்தோணிக்கு டிவிடெண்ட் என்றால் தேங்காய் பன்.

எங்கள் ஆபீஸ் பையன்கள் இதைக் கேலி செய்வார்கள். "டீச்சர், கனடாவுல டிவிடெண்டுக்கு கேக்கு தருவாங்களாம்ல, நீங்க பன்னோட முடிச்சிர்றீங்களே?" டீச்சர் விடமாட்டார். "உனக்கு அதுவும் கிடையாது. ஏழாம் வாய்ப்பாடு ஒழுங்காச் சொல்லு, பன்னுல பாதி தாரேன்" என்பார்.

மூன்றாவது மே மாதம் பணம் வரவில்லை. கம்பெனி இந்த முறை டிவிடெண்ட் இல்லை என்று ஒரு வரியில் அறிவித்தது. பங்கின் விலை ஏற்கெனவே பாதியாகியிருந்தது. மூன்று மாதம் பொறுங்கள் என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் கையிருப்பிலிருந்து கட்டணம் கட்டினார். சனிக்கிழமை அந்தோணி கேட்டபோது, "வந்துருச்சு" என்று சொல்லிவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்தார். அந்தோணி டிக் போட்டார்.

அன்றைக்குச் சாயந்தரம் பதிவேட்டை டீச்சரிடம் வாங்கிக்கொண்டு செபாஸ்டின் சார் வீட்டுக்குப் போனேன். வலதுகை மடியில் செத்துக் கிடந்தது. இடதுகையால் பக்கத்தைத் திருப்பினார். நான் கட்டங்களை விளக்கினேன். இதில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.  சாருக்கு வாய் கோணியிருந்ததால் பேச்சு குழறும். ஆனால் அன்றைக்குச் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் எனக்குப் புரிந்தது.

"ஏலே, எரியோட்டுல உங்கப்பன் மாசத்துக்கு ஒருக்காவா சோளம் அறுத்தான்?"

பதிவேட்டை இடதுகையால் மூடினார்.

"ஒரு போகம் அறுத்து, குதிர்ல கொட்டி வச்சு, வருஷம் பூராத் திங்கலையா நீங்க? ஆவணியில வர்ற காசை வாங்கிப் பேங்க்ல போட்டு, பன்னெண்டா வகுத்துக் குடுத்தா அந்தப் பயலுக்குச் சோறு எறங்காதா?"

மூன்று ஏக்கர் மானாவாரிக்காரன் மகனுக்கு இது தோன்றவில்லை. கனடாவில் மாதாமாதம் தருகிறார்கள் என்று கேட்டதும் என் மூளை அங்கேயே போய் நின்றுவிட்டது. பதினைந்து நல்ல கம்பெனி போதும். ஒரு சேமிப்புக் கணக்கு போதும். கொஞ்சம் வளர்ச்சிப் பங்கு, ஏறுகிற கட்டணத்துக்கு. முடிந்தது. இதை வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான்.

"இன்னைக்கே போயி அந்த டீச்சர் புள்ளைகிட்டச் சொல்லு. கெடைக்கிற வெலைக்கு அந்த மூணையும் வித்துத் தள்ளு. பாதி போனாலும் பாதி இருக்கு" என்றார் சார்.

சரி சார் என்றேன்.

போகவில்லை. போனால் தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் விலை ஏறட்டும், ஏறினதும் விற்றுவிட்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். இந்தத் தொழிலில் இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ பேர் என் முன்னால் உட்கார்ந்து இதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான். பாதி விலை கால் விலையானது. கால் விலை அரைக்கால் ஆனது. பதினாலு மாதம் கழித்து அந்தப் பங்கின் வியாபாரத்தையே நிறுத்திவிட்டார்கள். விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை. அதே சமயம் டிசம்பர் கம்பெனியும் டிவிடெண்டை நிறுத்தியது.

டீச்சர் அந்த வாரம் தனியாக வந்தார். அந்தோணி இல்லை. பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டார்.

"தம்பி, இந்தக் கம்பெனி சரியில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போன மாசந்தான் டீச்சர்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி.யில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"பொய் சொல்ற புள்ளைகளை முப்பத்தோரு வருஷம் பாத்துருக்கேன் தம்பி. காது மொதல்ல செவக்கும்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கணக்கு டீச்சரான தானும் அந்த ஆண்டறிக்கையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று தன்னையே நொந்துகொண்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். நான் கூடப் போய்ப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்தது கொரோனா. அந்த வருஷம் நாட்டில் எந்த பேங்கும் டிவிடெண்ட் தரக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. நல்ல மாதங்களின் கட்டங்களும் காலியாகின. அதைக்கூடத் தாங்கியிருக்கலாம், காலி மாதங்களில் போட்ட பணம் கையில் இருந்திருந்தால். இல்லை. மார்க்கெட் தரையில் கிடந்தபோது டீச்சர் நல்ல பங்குகளை ஒவ்வொன்றாக விற்றுக் கட்டணம் கட்டினார். விற்கிற உத்தரவை நான்தான் போனில் வாங்கிப் போட்டேன். "இப்ப விக்காதீங்க டீச்சர்" என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததா? அவர் விற்ற பங்குகள் இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறின. இன்றைக்கும் டி.வி.யில் அந்தப் பெயர்கள் ஓடினால் சேனலை மாற்றிவிடுவேன்.

ஜெரால்ட் பணம் அனுப்பினான். முதல் வருஷம் ஒழுங்காக அனுப்பினான். அப்புறம் அவன் கிடங்கில் ஆட்களைக் குறைத்தார்கள், அவன் தன் பங்குகளையே விற்றுச் சாப்பிடுகிற நிலை. முடிகிறபோது அனுப்புகிறான். ஒருநாள் என்னை நேராகக் கேட்டான்: "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேனா அங்கிள்?" இல்லைப்பா என்று மட்டும் சொன்னேன். யார் தப்பு என்று சொல்லவில்லை.

டீச்சர் அறுபத்தெட்டு வயதில் வீட்டில் மறுபடி டியூஷன் எடுத்தார். ஒரு நாள் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்தார். அடக்கத்துக்குப் போனேன். அந்தோணியைக் கூட்டி வந்திருந்தார்கள். பெட்டியில் கிடந்த அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பன்னு?" என்றார்.

அடக்கம் முடிந்து இல்லத்தின் பெரிய சிஸ்டரிடம் பேசினேன். மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் இப்படியெல்லாம் ஆனது என்று உளறினேன். அவர் புரியாமல் பார்த்தார்.

"வருஷத்துக்கு ஒருக்காக் கட்டுறேன்னு டீச்சர் சொல்லியிருந்தா நாங்க வாங்கிக்கிட்டிருப்போமே. வெவசாயக் குடும்பங்க நெறையப் பேரு அறுப்பு முடிஞ்சுதான் கட்டுறாங்க. யாருமே கேக்கலையேங்க."

யாருமே கேட்கவில்லை. இது யார் காசு, எப்போது வேண்டும், வீட்டில் யாருக்குத் தெரியும். இரண்டாவது கேள்வியை நான் அன்றைக்கே ஒழுங்காகக் கேட்டிருந்தால், 'எப்போது வேண்டும்' என்பதை இல்லத்தில் போய் விசாரித்திருப்பேன். ஒரு போன் கால்.

செபாஸ்டின் சாரும் அடுத்த வருஷம் போய்விட்டார். டீச்சரிடம் சொல்லிவிட்டாயா என்று அவர் கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. போயிருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் ஓய்வு பெற்றபோது எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். சிறந்த சேவை என்று கேடயத்தில் எழுதியிருந்தது. அது எங்கே கிடக்கிறதென்று தெரியாது.

கல்யாண மண்டபத்தில் உட்காரப் போகிறவர்களே, டிவிடெண்டா வளர்ச்சியா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் வாங்கலாம், இரண்டிலும் போண்டியாகலாம். உங்களுக்கு எடுத்துச் சொல்கிறவன் எந்தக் கட்டத்தை நிரப்புவதற்காகச் சொல்கிறான் என்று பாருங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை எதுவுமில்லை. கொடுத்தது வேறு ஆள்.

அந்தோணி இப்போது பின்கூடத்தில் இருக்கிறார். இருபது கட்டில்களில் ஒன்று. சுவர் ஓரம், ஜன்னல் எதிர்ப்பக்கம். சிஸ்டர்கள் குறை வைக்கவில்லை. சோறு போடுகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். ஜன்னல் அறைக்குக் கட்டுகிற அளவு என்னிடம் வருமானம் இல்லை. எனக்கும் பென்ஷன் கிடையாது. முதல் சனிக்கிழமை மட்டும் போவேன். அக்கா எங்கே என்று அவர் கேட்பதில்லை. தலையணைக்கு அடியிலிருந்து பதிவேட்டை எடுப்பார். அட்டை பிய்ந்துவிட்டது. சிவப்புப் பென்சில் விரல் நீளம்தான் மிச்சம்.

போன முறை போனது மே மாதம். கட்டத்தைத் தானே தேடிப்பிடித்து விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஷேரு மாமா, வந்துருச்சா?"

என் கையில் தேங்காய் பன் பொட்டலம் இருந்தது. சார் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிய நாள் ஞாபகம் வந்தது. நாலு பேர் முன்னால் அவர் என்னை என்ன பெயர் சொன்னார் என்பதும் ஞாபகம் வந்தது.

"வந்துருச்சு அந்தோணி" என்றேன்.

அவர் நாக்கை நீட்டிக்கொண்டு டிக் போட ஆரம்பித்தார்.